உன் வண்டியில் பழுது இல்லாத நாட்கள்

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் முடிப்பதற்குள் நீ "பரவால்ல, விடும்மா" என்று சொல்லிவிடுவாய். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன். இன்று கூரியரில் போட்டால் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். காவேரிக்கு நீ வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஓர் இரவு இருக்கிறது. படித்துவிட்டு என்னைத் திட்ட அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது காதிலேயே இருக்கிறது. உன்னோடு கல்லூரியில் படித்த காவேரி, தன் மலை ஊரில் சாமை உமி நீக்கும் மெஷின் போடப்போகிறாள். மூட்டையை உமியோடு கீழே கொண்டுவந்து வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவது போதும் என்கிறாள். மெஷினைப் பார்த்துக்கொள்ள, அவளோடு சரிபாதியாக நிற்க, உன்னைக் கூப்பிடுகிறாள். நீ வேலையை விட வேண்டியிருக்கும். "நீயே சொல்லும்மா, போவட்டுமா வேணாமா" என்றாய். உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டேன். சிரித்தாய். "எனக்குத் தோணித்தான ஒரு கார் வாங்கினேன். அவள ஒரு தடவ ரோட்ல நிக்க வச்சவ நான். இன்னொரு தடவ வேணாம்." பிறகு பேச்சை மாற்றினாய். எந்த வாஷிங் மெஷின் வாங்குவது என்று கேட்டாய். போன வருஷம் எந்த வீட்டுக்குக் குடிபோவது என்று கேட்டாய். அதற்கு முன்னால் எந்த போன். நீ மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். வாஷிங் மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆறு வருஷமாக நீ எதையும் தனியாக முடிவு செய்யவில்லை. அந்தக் காரோடு அது நின்றுபோயிருக்கிறது.

அந்தக் காரைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

நீ அதை வாங்கி வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். வரலாறு டீச்சரின் பழக்கம், பொறுத்துக்கொள். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். உதவித்தொகையும் மூன்று வருஷ ட்யூஷன் காசும் சேர்த்து, ஒரு நல்ல பைக் வாங்கும் பணத்துக்கு, பாண்டி நம்பர் போட்ட வெள்ளி நிற ஜெர்மன் கார் ஒன்றைத் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாய். உன்னைவிட நான்கு வயது சின்னது. "டாக்டர் வூட்டு வண்டிம்மா, ஒரே கை" என்றாய். ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பாண்டில விக்கற எல்லா வண்டியும் டாக்டர் வூட்டு வண்டிதான். அந்த ஊர்ல நோயாளியே இல்ல போல" என்றார். நீ கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து, "உக்காந்து பாருப்பா" என்றாய். உட்கார்ந்தார். தோல் சீட்டைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து என்னிடம் மட்டும், "சோபாவுக்கு சக்கரம் வச்ச மாதிரி இருக்குது" என்றார். ஆசையாகத்தான் சொன்னார்.

பிறகு அந்தச் சோபா தன் குணத்தைக் காட்டியது. பின்பக்க இடது ஜன்னல் கண்ணாடி தானாகக் கதவுக்குள் இறங்கிக்கொள்ளும். பழைய ரப்பர் செருப்பை வெட்டி அதைச் சொருகி நிறுத்தினாய். ஏசி தண்ணீர் என் காலடியில் சொட்டும். நிறுத்திவைத்தால் மறுநாள் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து, மாடு படுத்திருப்பதுபோல் இருக்கும். பின் விளக்கின் விரிசலுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசினாய். பெட்ரோல் பங்க்கில் நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னபோது, குழாயைப் பிடித்திருந்த அக்கா உன்னையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள். "நூறு ரூவாய்க்கு இதுக்கு வாய்கூட நனையாதும்மா." நீயும் சிரித்தாய். அதனால் வாரத்தில் ஐந்து நாள் பஸ், சனிக்கிழமை மட்டும் கார் என்று வைத்துக்கொண்டாய். கூட வரும் பெண்கள் பெட்ரோலுக்குப் பங்கு போடுவார்கள். கோமுகி அணைக்கு, அதைத் தாண்டி மலைக்கு, கரியாலூரில் இறங்கி ஒரு டீக்கு. திரும்பி வரும்போது உன் துப்பட்டாவில் மலைக்காற்றின் வாசனை இருக்கும். அதை நான் துவைக்கப் போடும்போது கவனித்திருக்கிறேன்.

ஊர்வலத்தை நீ மறந்திருக்கமாட்டாய். அப்பாவோடு ஆலையில் வேலை செய்கிறவரின் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. நம் தெருவில் பெரிய கார் என்றால் உன்னுடையதுதான், கேட்டார்கள், நீ சரி என்றாய். ரேடியேட்டர் சரிசெய்ய அந்த வாடகை உதவும் என்று கணக்குப் போட்டாய். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போக வேண்டும். அந்த வண்டி வேகமாகப் போனால் காற்றில் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், மெதுவாகப் போனால் கொதிக்கும் என்பதை நாம் யாரும் யோசிக்கவில்லை. பாதி வழியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நான் முன்சீட்டில் உன் பக்கத்தில், மடியில் சீர்த்தட்டோடு இருந்தேன். நீ ஏசியை அணைத்தாய். ஹீட்டரை முழுதாகத் திருப்பினாய். ஜன்னல்களைத் திறந்துவிட்டாய்.

"இன்னாம்மா இது, கால்ல அனல் அடிக்குது?" பின்னாலிருந்து மாப்பிள்ளை.

"ஹீட்டர் போட்டிருக்கேண்ணா."

"சித்திரை மாசத்துலயா?"

"இன்ஜின் சூட்ட உள்ள இழுக்கறேன். நீங்க அஞ்சு நிமிசம் வேர்த்துக்கினு இருந்தீங்கன்னா வண்டி மண்டபத்துக்குப் போவும். இல்லன்னா நீங்க எறங்கித் தள்ளிக்கினுதான் போவணும். கோட்டு வேற போட்டிருக்கீங்க."

மாப்பிள்ளைத் தோழன் சிரித்தான். "டேய், நாளைலேர்ந்து இத விட ஜாஸ்தி வேர்க்கும். பழகிக்க."

மாப்பிள்ளை முகத்துப் பவுடர் வழிந்து காலரில் இறங்கியது. முள் மெல்லக் கீழே வந்தது. நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டில் நான்கு வரி எழுதி, டிரைவர் தலைக்கு மேல் வெயில் மறைக்கும் பலகையின் உள்பக்கம் ஒட்டினாய். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சீட்டுக்குத் திரும்ப வருகிறேன்.

இப்போது சொல்ல வேண்டியது.

ஒருமுறை வண்டி உண்மையாகவே கிளம்பவில்லை. டிராக்டர் மெக்கானிக் ஏழுமலை வந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் ஓரத்தில் போஸ்ட் கார்டு அளவில் ஒரு மூடி. அதற்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு ப்யூஸை உருவி உனக்குக் காட்டினார். நகத்தளவுதான் இருக்கும். "பெட்ரோல் பம்புக்கு இதான். இது போச்சுன்னா இன்ஜின் சுத்தும், ஆனா எடுக்காது." நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். நீ பார்த்ததை நானும் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. மலையில் மழை. நீ கிளம்பிக்கொண்டிருந்தாய். உன்னோடு ஒரே ஒரு முறை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வந்திருக்கிறேன். வெள்ளிமலை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தவள் நான். நீ குளிக்கப் போயிருந்தபோது காலண்டர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். மஞ்சள் ப்யூஸை உருவி பெருங்காய டப்பாவில் போட்டேன். நீ வந்து சாவியைத் திருப்பினாய். இன்ஜின் சுற்றியது. எடுக்கவில்லை. ஏழுமலைக்கு போன் செய்தாய். அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் துணி காயப்போடும் சாக்கில் வெளியே போய்த் திரும்பச் செருகினேன். அவர் வந்து சாவியைத் திருப்பினார். ஒரே அடியில் கிளம்பியது. அதற்குள் உன் தோழிகள் பஸ் ஏறிவிட்டார்கள். "இந்த வண்டிக்கு என்னப் பாத்தா பயம் போல" என்றார் ஏழுமலை. அது நம் வீட்டு நகைச்சுவையாகிவிட்டது. உன் அப்பா அதை ஆலையில் எல்லோருக்கும் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஏழு முறை செய்தேன். அந்த வண்டி உன்னிடம் இருந்த இரண்டு வருஷத்தில் முப்பது முறை நின்றிருக்கும். மிச்ச இருபத்து மூன்றுக்கும் நான் பொறுப்பில்லை.

முதல் முறை பயம். இரண்டாவது முறையும் பயம் என்றே வைத்துக்கொள். மூன்றாவது முறை மழை இல்லை, நீ மலைக்குப் போகவும் இல்லை, சின்னசேலம் வரைக்கும்தான். அப்போதும் எடுத்தேன். ஏன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வருஷங்கள் ஆயின. வண்டி கிளம்பாத சனிக்கிழமைகளில் நீ சமையலறைக்கு வருவாய். மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். முதலில் அந்தக் காரைத் திட்டுவாய். பிறகு கல்லூரிக் கதை. பிறகு நான் உரிக்கும் பூண்டை நீயும் உரிப்பாய். மத்தியானம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்போம். உன் வண்டி ஓடாத நாட்களில் நீ எனக்குக் கிடைத்தாய். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமென்று தேடினேன். இல்லை.

ஏழுமலைக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது முறையோ என்னவோ. நீ உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். அவர் அந்த மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "இத நான் போன வாரம் ஒழுங்காத்தான் மூடிட்டுப் போனேன் டீச்சர்." நான் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன். "பொண்ணுகிட்ட இன்னா சொல்லணுமோ நேரா சொல்லிடுங்க. வண்டி மேல பழி போடாதீங்க. அது வாயில்லாதது." அன்று அவர் கூலி வாங்கவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலியே" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர் என்றாய் நீ.

ஏழாவது முறை எதுவென்று உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

தீபாவளி விடுமுறைக்குக் காவேரி மலைக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் அவள் போன் செய்தாள். மழையில் மரம் விழுந்து பஸ் அவள் ஊர்வரைக்கும் வரவில்லை. கரியாலூர் வரை நடந்து வந்துவிடுவேன், அங்கிருந்து எப்படி வருவது என்று கேட்டாள். "நீ நில்லு. நான் வண்டி எடுத்துக்கினு வரேன்" என்றாய். நீ யோசிக்கவே இல்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தாய். நான் நான்கரைக்கு எழுந்தேன்.

மழை பெய்தது உண்மை. அந்தச் சாலையில் கல் உருளும் என்பதும் உண்மை. இதையெல்லாம் உன்னிடம் சொல்லி, போகாதே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். சண்டையில் ஜெயித்திருப்பாய், ஏனென்றால் உன் பக்கம்தான் நியாயம். ஒருத்தி ரோட்டில் நிற்கிறாள், உன்னிடம் வண்டி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் சண்டைக்கு வழியில்லாமல் செய்தேன். இதுதான் மற்ற ஆறைவிட மோசம்.

ஐந்து முறை சாவியைத் திருப்பினாய். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஏழுமலை போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். மழை கண்ணாடியில் வழிந்தது. செருப்பு நழுவி, இடது ஜன்னல் இறங்கி, பின்சீட்டு நனைந்துகொண்டிருந்தது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. காவேரியிடம் பேசினாய். அவள் "நீ போடி, நம்மள்ல ஒருத்தியாவது இன்டர்வியூல இரு" என்று சொன்னாளாம். நீ பஸ்ஸில் கல்லூரிக்குப் போனாய். உனக்கு வேலை கிடைத்தது. அவள் கடுக்காய் மூட்டை ஏற்றிய டெம்போவில் இறங்கி வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. எல்லோரும் போயிருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் வந்தாயே, அந்த ஒரு நிமிஷம். முகத்தில் கோபம் இல்லை. "வித்துடலாம்மா. எல்லாரும் சொன்னீங்க, நான்தான் கேக்கல. என் புத்தி அவ்ளோதான்." மஞ்சள் ப்யூஸ் என் உள்ளங்கையில் இருந்தது. விரலை மடக்கியிருந்தேன். திறந்திருந்தால் முடிந்திருக்கும். அப்போதே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், மணி ஐந்தரைதான். நான் திறக்கவில்லை. "குடை எடுத்துக்கினு போ" என்றேன்.

நீ போனதும் அதைத் திரும்பச் செருகிவிட்டேன். நீ அதன்பிறகு சாவியைத் தொடவே இல்லை. பத்து நாள் கழித்து ஒருவர் வாங்க வந்தார். சாவியைத் திருப்பினார், ஒரே அடியில் கிளம்பியது, தெருமுனையில் திரும்பி மறைந்தது. நீ கதவில் சாய்ந்து நின்று பார்த்தாய். "பாரேன், போறப்ப மட்டும் ஒழுங்கா போவுது."

நேற்று அதைப் பார்த்தேன்.

என்னோடு வேலை செய்கிற டீச்சரின் மகளுக்குத் திருநாவலூரில் கல்யாணம். மண்டபத்து வாசலில் பூ சுற்றிய வெள்ளி நிற கார். பின் விளக்கில் கறுத்துப்போன சிவப்பு நெயில் பாலிஷ். நான் சாப்பிடப் போகாமல் அங்கேயே நின்றேன். உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருவர் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறாராம்.

"தொந்தரவு குடுக்குதுங்களா?" என்றேன்.

"குடுக்காம? வயசான வண்டி. செலவும் கம்மி இல்லீங்க. ஆனா இதுவரைக்கும் வழியில விட்டதில்ல. முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ நல்லா பாத்து வாங்கியிருக்காங்க, நல்லாவும் வச்சிருந்திருக்காங்க. இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்குது." கதவைத் திறந்து, வெயில் மறைக்கும் அந்தப் பலகையை இறக்கினார். "இத பாருங்க. எழுதிகூட வச்சிட்டுப் போயிருக்காங்க. ஊர்வலத்துல எனக்கு இதான் கைகொடுக்குது. எத்தினி மாப்ளைய வேர்க்க வச்சிருக்கேன் தெரியுமா?"

"என் பொண்ணு எழுதினது" என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்டீங்களா? இப்ப இன்னா பண்றாங்க?"

நான் அந்தச் சீட்டை இன்னொரு முறை பார்த்தேன். "முடிவு பண்ணிக்கினு இருக்கா" என்றேன்.

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. போகச் சொல்லவும் மாட்டேன், வேண்டாமென்றும் சொல்ல மாட்டேன். காவேரியின் மெஷின் நஷ்டத்தில் போகலாம். நீயும் அவளும் சண்டை போட்டுக்கொள்ளலாம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்: அந்த வண்டியை நீ சரியாகத்தான் பார்த்து வாங்கினாய். அவளை ரோட்டில் நிற்க வைத்தது நான். நீ வருவதாகச் சொன்னாய், வரத் தயாராக இருந்தாய். உன்னைப் பற்றி நீ வைத்திருக்கும் கணக்கில் அந்த ஒரு நாளை எடுத்துவிட்டு, மறுபடி யோசித்துப் பார். கோபம் வந்தால் கோபப்படு. அவசரமில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். வாஷிங் மெஷினையும் நீயே வாங்கிக்கொள்.

காவேரியிடம் இதை நான் சொல்ல வேண்டும். அது உன் வேலை இல்லை. நீ வெள்ளிக்கிழமை என்ன பதில் சொன்னாலும், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மலைக்குப் போகிறேன்.

அந்தச் சீட்டு. செல்லோ டேப் பழுத்துப்போய்விட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணை. ஹீட்டரை முழுசாப் போடு. எல்லா ஜன்னலையும் திற. நான்காவது வரி, பயப்படாதே. அதை நீ உனக்காக எழுதியிருப்பாய். ஆனால் எத்தனையோ முறை நான் உன் பக்கத்து சீட்டில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் அந்தப் பலகையை இறக்கிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்காரப்போகிறேன். அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்த பிறகும் கண்ணை மூடாமல் போகப் பார்க்கிறேன்.

அம்மா